அச்சமும் அஹிம்சையும்: இல்லறத்தார்க்கு ஐந்து சமிதிகள்

கொல்லாமை என்னும் முதல் அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தார்க்கு அவ்விரதம் எளிதாகத் தோன்றும் இடங்கள் பல உள. ஊனுணவை நீக்குகிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பொழுது சாய்ந்தபின் உண்பதைத் தவிர்க்கிறோம். எறும்பு வரிசையைக் கண்டால் காலை எடுத்து அப்பால் வைக்கிறோம். இவற்றில் எல்லாம் அருளுக்குத் தடையாய் நிற்பவை நம் சோம்பலும் மறதியுமே அன்றி அச்சம் அன்று.

விரதத்தின் வன்மை உண்மையில் சோதிக்கப்படும் இடம் வேறு. நம்மைக் கொல்ல வல்ல ஓர் உயிர் நம் வாசற்படிக்கே வந்து நிற்கும் இடம் அது. தொட்டிலில் குழந்தை உறங்குகிறது. அடுக்களை மூலையில் நாகம் சுருண்டு கிடக்கிறது. அந்நேரத்தில் சிராவகன் செய்யத்தக்கது யாது? தடியை எடுப்பதா? எடுத்தால் விரதம் குன்றுமா? எடாவிடில் குழந்தைக்குக் காவல் யார்? இவ்வினாக்களை வெறும் வாதமாகக் கருதாது, நாம் வாழும் கோவை மாநகரின் உக்கடம் பகுதியையும் அதன் அண்டை ஊர்களையும் முன்னிறுத்தி இப்பாடத்தில் ஆராய்வோம்.

உக்கடமும் அதன் அண்டை உயிர்களும்

உக்கடம் இன்று பேருந்து நிலையம், மீன் அங்காடி, பழைய இரும்புக் கடைகள், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்ட மேம்பாலம் ஆகியன நிறைந்த நெருக்கமான பகுதி. ஆயினும் அதன் அருகிலேயே முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த பெரியகுளம் கிடக்கிறது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யலின் நீர் வாய்க்கால்கள் வழியே குளம் குளமாக நிரம்பிச் செல்லும்படி முன்னோர் அமைத்த வரிசையில் இதுவும் ஒன்று. செல்வசிந்தாமணி குளத்தின் மிகுநீர் இதற்கும், இதன் மிகுநீர் வாலாங்குளத்திற்கும் செல்லும். நீரும் கோரையும் உள்ள இடத்தில் தவளை பெருகும். கழிவும் சிந்திய தானியமும் உள்ள இடத்தில் எலி பெருகும். இவ்விரண்டும் உள்ள இடத்தைப் பாம்பு தேடி வரும். மழை மிகுந்து வளைகளில் நீர் புகுந்தால் அது மேட்டு நிலத்தை நாடும். அம்மேட்டு நிலத்தில்தான் நம் வீடுகள் உள்ளன.

பெரிய விலங்குகளும் நமக்குத் தொலைவில் இல்லை. உக்கடத்திலிருந்து பாலக்காட்டுச் சாலையில் சில கிலோமீட்டர் சென்றால் வருவது குனியமுத்தூர். அங்குள்ள பி.கே.புதூரில், 2022 ஜனவரியில் பயன்பாடற்ற கிடங்கு ஒன்றினுள் சிறுத்தை புகுந்து தங்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில், தருமபுரி மாவட்டத்தில் பிடிக்கப்பட்டு ஆனைமலைக் காட்டில் விடப்பட்ட மக்னா யானை, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, அக்காட்டை விட்டு வெளியேறி, பொள்ளாச்சிப் பகுதியையும் மதுக்கரையையும் கடந்து கோவை நகர எல்லைக்கே நடந்து வந்தது. பேரூர்ப் பகுதியில் மீண்டும் பிடிக்கப்பட்டு மானாம்பள்ளி வனப்பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டது.

இவை எப்போதோ நிகழ்பவை. பாம்போ நாள்தோறும் நம்முடன் வாழ்வது. ஆதலின் இப்பாடத்தில் பாம்பையே முதன்மையாகக் கொள்வோம்.

நால்வகை ஹிம்சையும் பாம்பின் வழக்கும்

ஹிம்சையை நம் ஆசாரியர்கள் நான்காக வகுத்துக் காட்டுவர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பீ ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல், வீடு கட்டுதல் முதலிய இல்லற வினைகளில் நேர்வது ஆரம்பீ ஹிம்சை. உழவு, வணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்யோகீ ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தாரையும் காக்கும்போது வேறு வழியின்றி நேர்வது விரோதீ ஹிம்சை. துறவியர் நான்கையும் முற்றும் துறந்தவர். இல்லறத்தார் முதலாவதை முற்றும் விலக்கி, ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக் கொள்ளக் கடவர்.

இவ்வகுப்பை அறிந்த அன்பர் ஒருவர், “பாம்பைக் கொல்லுதல் விரோதீ ஹிம்சையே, ஆகவே இல்லறத்தார்க்கு அது தகும்” என வாதிடக்கூடும். இங்கேதான் நுணுகி நோக்க வேண்டும். விரோதீ ஹிம்சை என்பதற்கு உயிரினம் நஞ்சுடையதாய் இருத்தல் மட்டும் போதாது. எதிர்ப்பு நிகழ வேண்டும்; தப்பும் வழி இல்லாதிருக்க வேண்டும்; கொல்லும் எண்ணம் இன்றிக் காக்கும் எண்ணமே இருக்க வேண்டும். வேலியோரம் ஊர்ந்து செல்லும் பாம்பைத் துரத்திச் சென்று அடிப்பவனுக்கு இம்மூன்றில் ஒன்றும் இல்லை. அவன் செய்வது சங்கல்பீ ஹிம்சையே. அச்சத்தால் செய்தேன் என்று அவன் கூறினும், அச்சமும் உள்ளத்தைக் கலக்கும் நோகஷாயங்களுள் ஒன்றாக நம் நூல்களில் எண்ணப்பட்டிருத்தலை மறத்தல் ஆகாது.

“ஒரு கொடிய உயிரைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்குமே” என்பது மற்றொரு வாதம். இது புதியதன்று. அமிருதசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயம் என்னும் நூலில் இவ்வாதத்தையே எடுத்துக்கொண்டு மறுத்துள்ளார். பிற உயிர்களைக் கொல்லும் இயல்புடையவை என்ற காரணத்தால் விலங்குகளைக் கொல்லுதல் கூடாது என்பதே அவர் முடிபு. பாம்பு எலியைத் தின்கிறது, மயில் பாம்பைத் தின்கிறது. இவற்றுள் எதனைக் காக்க எதனைக் கொல்வது என்று தொடங்கினால் அக்கணக்கிற்கு முடிவே இராது. அதற்கு நீதிபதியாய் அமரும் தகுதியும் நமக்கு இல்லை.

இனி, உண்மையிலேயே வேறு வழியற்ற நிலை வந்தால்? குழந்தையைக் காத்தல் பெற்றோரின் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும் அந்நிலையிலும் முதற்செயல் தடியை எடுப்பதன்று, குழந்தையை எடுப்பது. குழந்தையையும் முதியோரையும் அப்பால் கொண்டு சென்று, பாம்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் விலகி நின்று, அது எங்கே இருக்கிறது என்பதை ஒருவர் கண்காணித்தபடி இருக்க, மற்றொருவர் உதவியை அழைத்தால் போதும். பாம்பு மனிதனைத் துரத்தி வந்து கடிப்பதில்லை. ஆதலின் விலகி நிற்கும் வழி ஏறக்குறைய எப்போதும் உண்டு. அவ்வழி உள்ளவரை கொலைக்கு விரோதீ என்னும் பெயர் பொருந்தாது. எல்லாம் கடந்து அறியாது நேர்ந்துவிடின், அதனை வீரமாகப் பேசித் திரியாது, ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் செய்து, அந்நிலை மீண்டும் வாராதபடி இல்லத்தைத் திருத்துதலே தக்க பிராயச்சித்தம்.

அறிந்தபின் அருள்

அறியாத உயிரிடத்து அருள் நிலைத்து நில்லாது. இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உள. அவற்றுள் நஞ்சுடையவை ஏறத்தாழ அறுபது. நம் வீடுகளைச் சுற்றி வாழ்ந்து பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணமாவன நான்கு: படம் விரிக்கும் நல்ல பாம்பு, கரிய உடலில் மெல்லிய வெண் வளையங்கள் கொண்ட கட்டுவிரியன், முதுகில் நீள்வட்டக் குறிகள் வரிசையாக அமைந்த கண்ணாடி விரியன், உடலை வளைத்துச் செதில்களை உரசி ஒலியெழுப்பும் சிறிய சுருட்டை விரியன். எலிகளைப் பெரிதும் உண்ணும் சாரைப் பாம்பும், குளத்தோரம் திரியும் தண்ணீர்ப் பாம்பும், பனையோலை நிறத்தில் மரமேறும் கொம்பேறி மூக்கனும் மனிதர்க்கு நஞ்சற்றவை. ஆயினும் அடிபட்டு இறப்பவற்றுள் இவையே மிகுதி.

பாம்பின் நஞ்சு அதன் உணவுக்காக அமைந்தது. நம்மை அது உண்பதில்லை. மிதிபட்டபோதும், பிடிக்கப்பட்டபோதும், ஒதுங்க இடமின்றி நெருக்கப்பட்டபோதும் கடிக்கிறது. நல்ல பாம்பு படம் எடுப்பதும், கண்ணாடி விரியன் குக்கர் ஆவி வெளிப்படுவது போலச் சீறுவதும் “அருகில் வாராதே” என்னும் எச்சரிக்கையே. கட்டுவிரியன் மட்டும் பெரும்பாலும் எச்சரிப்பதில்லை. இரவில் திரியும் அது, தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாகத் தோன்றாது. விடியலில் வயிற்றுவலியும் இமை சரிவதும் கண்டபின்னரே பலர் அறிவர்.

இதன் கொடுமையைக் குறைத்துக் கூறுதலும் ஆகாது. 2000 முதல் 2019 வரையான இருபதாண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 லட்சம் பேர் என்றும், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்றும் 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவருட் பெரும்பாலோர் சிற்றூர்களில் உழைத்து வாழும் எளியோர். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் இதனை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஆகவே, “ஒன்றும் செய்யாது” என்று பாம்பருகில் செல்வது அஹிம்சை அன்று. அது பிரமாதம், அதாவது கவனமின்மை. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிர்க்கேட்டிற்கு வேராகப் பிரமாதத்தையே வைத்தார் என்பது நாம் ஊன்றி நினைக்கத்தக்கது.

பிரமாதம் ஹிம்சைக்கு வேர் என்றால், விழிப்பு அஹிம்சைக்கு வேர். அவ்விழிப்பை முனிவர்க்கு ஐந்து சமிதிகளாக வகுத்தனர். இல்லறத்தாரும் தம் நிலைக்கேற்ப அவற்றைப் பயிலலாம். பாம்பு உலவும் இடத்தில் வாழ்வோர்க்கு இவ்வைந்தும் மிகப் பொருந்தும் காவலாய் அமைந்திருத்தலைக் கீழே காண்போம்.

1. ஈரியா சமிதி: நோக்கி நடத்தல்

முனிவர் தம்முன் நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி, உயிர்க்கு ஊறு நேராதவாறு அடியெடுத்து வைப்பர். பாம்புக்கடியுள் பெரும்பகுதி காலில் நேர்வது. நோக்காது வைத்த அடியால் நேர்வது. இரவில் கழிப்பறைக்கோ வாசலுக்கோ செல்வோர் கைவிளக்கு இன்றிச் செல்லலாகாது. குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் புல் மண்டிய ஒற்றையடிப் பாதையைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாதவிடத்து, பாம்பு நில அதிர்வை நன்கு உணரும் ஆதலின், கோலால் தரையைத் தட்டிச் சென்றால் அது தானே விலகும். மூடிய காலணி அணிதலும் நன்று. இதனால் காக்கப்படுவது நம் உயிர் மட்டுமன்று. மிதிபட இருந்த அவ்வுயிரும் காக்கப்படுகிறது.

இச்சமிதியின் உண்மையை இன்றைய அரசுத் துறைகளும் தம் வழியில் கண்டுள்ளன. 2021 நவம்பர் 26 அன்று மதுக்கரையை அடுத்த நவக்கரை அருகே இரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன்பின் மதுக்கரை வனப்பகுதியில், இருப்புப்பாதையில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தொலைவிற்குக் கோபுரங்கள் அமைத்து, இருளிலும் உடல் வெப்பத்தைக் காணும் காமிராக்களைப் பொருத்தி, யானை வருவதைக் கணினி அறிந்து இரயில்வேயினர்க்கு முன்னரே தெரிவிக்கும் ஏற்பாடு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. செல்லும் வழியை முன்னே நோக்கு என்பதே அங்கும் வழி.

2. பாஷா சமிதி: அளந்து பேசுதல்

காட்டுயிர் ஊருக்குள் வந்தது என்றவுடன் அதனினும் விரைவாகப் பரவுவது வதந்தி. ஒரு சிறுத்தை மூன்றாகும், சாரை நாகமாகும். கூட்டம் திரளும், கூச்சலும் கல்லெறியும் தொடங்கும். வழி தேடி நிற்கும் விலங்கு இவற்றால் மிரண்டு தாக்கும். பி.கே.புதூரில் வனத்துறையினர் கிடங்கின் வாயில்களில் கூண்டுகளை வைத்து, காமிராக்களால் கண்காணித்து, நாட்கணக்கில் காத்திருந்தனர். ஐந்து நாட்களுக்குப் பின் சிறுத்தை தானே கூண்டினுள் வந்தது. அமைதியும் காத்திருப்பும் அங்கே இரு பக்கத்து உயிரையும் காத்தன.

நாம் கண்டதை மட்டும், கண்ட இடத்தையும் நேரத்தையும் சேர்த்து, உரிய துறைக்குச் சொல்லுதல் வேண்டும். காணாததைப் பரப்பலாகாது. கைபேசியில் படம் எடுக்க நெருங்குவதும், வந்த செய்தியை ஆராயாது பலர்க்கு அனுப்புவதும் இச்சமிதிக்கு மாறானவை. பாம்பு பழிவாங்கும், இணையைக் கொன்றால் மற்றொன்று தேடி வரும் என்னும் கதைகளைக் குழந்தைகளிடம் கூறி அச்சத்தை விதைப்பதும் அத்தகையதே. அக்குழந்தை வளர்ந்து தடியெடுக்கும்போது அதற்கு நம் சொல்லும் ஒரு காரணமாகும்.

3. ஏஷணா சமிதி: உணவில் தூய்மை

உணவை ஆராய்ந்து ஏற்றல் முனிவர்க்கு உரிய பொருள். இல்லறத்தார்க்கு உணவைச் சேமிப்பதிலும் இதனை விரித்துக் கொள்ளலாம். நம் சமூகத்தார் பலர் வணிகர். தானியமும் பருப்பும் அடுக்கிய கிடங்குகள் உடையவர். மூட்டை சிந்தினால் எலி வரும்; எலியைத் தொடர்ந்து பாம்பு வரும். எலிக்கு நஞ்சு வைத்தல் நமக்குத் தகாது. பசைப் பலகையும் தகாது. அதில் ஒட்டிய உயிர் அணு அணுவாக இறக்கிறது, சில வேளை எலியைத் தேடி வந்த பாம்பும் அதிலேயே சிக்கும். கதவின் கீழ் இடைவெளியைத் தகட்டால் அடைத்தல், சாக்கடைத் துளைகளுக்கும் குழாய் வழிகளுக்கும் கம்பிவலை இடுதல், மூட்டைகளைத் தரைக்கு மேல் பலகையில் வைத்தல், சிந்தியதை அன்றே கூட்டுதல் ஆகியனவே நமக்கு உரிய வழிகள்.

ஜீவதயை கருதிப் புறாக்களுக்கும் பிற பறவைகளுக்கும் தானியம் இடும் வழக்கம் நம்மிடையே உண்டு. வழக்கம் நல்லது, அளவு வேண்டும். காலையில், அவை உண்டு முடிக்கும் அளவே இட்டு, எஞ்சியதைப் பொழுது சாயுமுன் கூட்டி எடுத்தல் வேண்டும். இரவில் கிடக்கும் தானியம் எலிக்கு விருந்தாகும். பறவைக்குச் செய்த தானம் பாம்பின் கொலையில் முடியுமாயின் அத்தானத்தில் விழிப்பு குறைந்தது என்க. மருதமலை, தடாகம், நரசீபுரம் முதலிய மலையடிவாரங்களில் வீடு கொண்டோர், அரிசியும் வெல்லமும் உப்பும் பழமும் யானைக்கு மணம் எட்டும்படி வைக்கலாகாது. அம்மணம் கருதிச் சுவரை உடைக்கும் யானையின் மேல் குற்றம் கூறிப் பயனில்லை.

4. ஆதான நிக்ஷேபண சமிதி: நோக்கி எடுத்தல், நோக்கி வைத்தல்

பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அங்கே உயிர் உண்டோ என நோக்கி, மயிற்பீலியால் மெல்ல நீக்கிய பின்னரே முனிவர் செயற்படுவர். விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, பழைய டயர், இரும்புச் சாமான், வாசலில் கழற்றிய காலணி, காயப்போட்டுத் தரையில் விழுந்த துணி ஆகிய இவை அனைத்தும் பாம்பும் தேளும் ஒதுங்கும் இடங்கள். கையை நேரே நுழைக்காது, கோலால் தட்டியும் அசைத்தும் பார்த்த பின் எடுத்தல் வேண்டும். காலணியை உதறி அணிதல் வேண்டும். தரையில் படுப்போர் கட்டிலில் படுத்து, கொசுவலையைப் படுக்கையின் கீழ் செருகிக் கொண்டால் கட்டுவிரியனிடமிருந்து பெரும் பாதுகாப்பு உண்டு. தோட்டத்தில் விரித்த நைலான் வலைகளிற் பாம்புகள் சிக்கி அறுபட்டு இறத்தல் பலரும் அறியாதது. வேண்டாத வலையைச் சுருட்டி வைத்தல் எளிய ஜீவதயை.

இச்சமிதிக்குப் பகவான் பார்சுவநாதரின் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பஞ்சாக்கினித் தவம் செய்தவன் தீக்காக மரத்தைப் பிளந்தான். அதனுள் நாக இணை இருத்தலை அவன் நோக்கவில்லை. இளைஞரான பார்சுவர் அறிந்து தடுத்தார்; தவசி கேளாது வெட்டினான். சிதைந்த அவ்விரு உயிர்களும் பகவானின் அருளுரையால் நற்கதி பெற்றுத் தரணேந்திரனும் பதுமாவதியும் ஆயின. தவம் இருந்தும் நோக்கு இல்லாமையால் அங்கே ஹிம்சை நிகழ்ந்தது. பார்சுவநாதருக்கு நாகம் குடைபிடிக்கும் திருவுருவம் நம் கொங்கு நாட்டிற்கும் புதியதன்று. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில், பார்சுவ பட்டாரகர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் புதுப்பித்தார் என்பதைச் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டுத் தெரிவிக்கிறது. நாகக்குடையின் கீழ் அமர்ந்த பகவானை வணங்கிவிட்டு, வீடு திரும்பி நாகத்தை அடிப்போமாயின் அவ்வணக்கத்தின் பொருள் யாது?

5. உத்சர்க்க சமிதி: கழிவை இடமறிந்து நீக்கல்

உயிர்களற்ற இடத்தை ஆராய்ந்து கழிவை விடுதல் ஐந்தாம் சமிதி. பாம்பு வருகைக்கு முதற்காரணமே முறையற்ற கழிவு. வாய்க்காலில் எறிந்த குப்பை நீரோட்டத்தை அடைத்து, மழைநாளில் நீரை வீட்டுப் பக்கம் திருப்பும். நீரோடு பாம்பும் வரும். காலி மனையில் கொட்டிய கட்டட இடிபாடு பாம்புக்கு மாளிகை ஆகும். திருமண விருந்தின் எச்சிலையும் நெகிழிப் பையில் கட்டிய உணவும் தெருநாயையும் பன்றியையும் பெருக்கும். மலையடிவாரத்தில் தெருநாய் பெருகினால் சிறுத்தையும் இறங்கி வரும். ஆகவே குப்பையைத் தரம் பிரித்து மாநகராட்சி ஊழியரிடம் கொடுத்தல், தெருவார் கூடி மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரச் செய்தல், காலி மனை உரிமையாளரை அணுகிப் புதரை நீக்கச் சொல்லுதல் ஆகியன கொல்லாமை நோன்பின் உறுப்புகளாகவே கொள்ளத்தக்கன. புதரை வெட்டும்போதும் தீ வைத்தலாகாது. மெல்ல, ஒருபுறமிருந்து வெட்டிச் சென்றால் உயிர்கள் மறுபுறம் விலக வழி உண்டாகும்.

செய்தல், செய்வித்தல், உடன்படல்

நம் அறம் தீவினையை மூன்று வாயில்களிலும் காண்கிறது. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படல் என்பன அவை. “நான் அடிக்கவில்லை, பக்கத்துக் கடை ஆளை அழைத்தேன், அவர் அடித்தார்” என்பது விரதம் காத்தது ஆகாது. கூலி கொடுத்துச் செய்வித்த கொலையில் கூலி பெற்றவன் அறியாமையால் செய்தான். கொடுத்தவர் அறிந்தே செய்தார். அடித்துப் போட்ட பாம்பைச் சுற்றி நின்று பாராட்டுவதும் உடன்படலே.

ஆதலின் எவரை அழைப்பது என்பதை அச்சம் வருமுன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். வனத்துறையினரும் தீயணைப்பு மீட்புப் பணியினரும் பாம்புகளைப் பிடித்து அகற்றுகின்றனர். அருகிலுள்ள அலுவலகங்களின் எண்களை அடுக்களைக் கதவில் எழுதி ஒட்டி வைத்தல் நலம். பயிற்சியற்றவர் துணிந்து பிடிக்க முயலுதல் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நாகம் முதலிய பாம்புகளைக் கொல்லுதல் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அண்டையார்க்கு எடுத்துரைக்கலாம். ஆயினும் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதினும், அவர்தம் குழந்தைகளின் பாதுகாப்பில் நாமும் பங்கு கொண்டு பேசுதலே பயன் தரும்.

வழிபாட்டிலும் அறிவு வேண்டும். சுவேதாம்பர மரபில் வழங்கும் சண்டகௌசிகன் வரலாற்றில், மகாவீரர் அருளால் சினம் தணிந்து அசைவற்றுக் கிடந்த பாம்பின்மேல் மக்கள் பக்தியால் நெய்யைச் சொரிந்தனர். நெய்யை நாடி வந்த எறும்புகள் அதன் உடலை அரித்தன. கொடுமை செய்த காலத்தில் கல்லெறிந்தவரும், அடங்கிய காலத்தில் நெய் சொரிந்தவரும் அதனை அறியாதவரே. பாம்பு பாலை உணவாகக் கொள்வதில்லை. புற்றில் ஊற்றும் பாலும் முட்டையும் அதற்கு உதவுவதில்லை. மேலும், பகவான் அப்பாம்பின் முன் சென்று நின்றது தீர்த்தங்கரரின் ஆற்றல். நாம் பின்பற்ற வேண்டியது அவர் சினமின்மையை அன்றி, பாம்பை நெருங்கிச் சென்றதை அன்று.

கடி நேர்ந்துவிடின்

எவ்வளவு விழிப்பாயினும் சில வேளை கடி நேரும். அப்போது பாம்பைத் தேடி அலைந்து காலத்தை வீணாக்கலாகாது. அதனைக் கொன்று மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியதும் இல்லை. கடிபட்டவரை அச்சுறுத்தாது படுக்க வைத்து, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, எலும்பு முறிந்த உறுப்பைப் போலக் கடிபட்ட உறுப்பை மரச்சட்டத்தோடு தளர்வாகக் கட்டி அசையாது வைக்க வேண்டும். இறுக்கிக் கயிறு கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பச்சிலை பூசுதல், மந்திரிக்கச் செல்லுதல் ஆகியன உயிருக்கே உலை வைக்கும். 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உக்கடத்தார்க்குத் திருச்சி சாலையிலுள்ள கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அண்மையிலேயே உள்ளது.

இங்கே மற்றொரு வினா எழும். பாம்பு நஞ்சுமுறி மருந்து, பாம்பின் நஞ்சைச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துச் செய்யப்படுவது. இதனைச் சிராவகர் ஏற்கலாமா? நஞ்சு உடலில் பரவியபின் உயிர் காக்க இதற்கு நிகரான மருந்து வேறில்லை. குழந்தைக்கோ பெரியவர்க்கோ இதனை மறுத்து உயிர் போக விடுதல் அறமன்று. ஏற்றல் வேண்டும் என்பதே எம் கருத்து. ஆனால் ஏற்கும்போது, நம் உயிருக்காகப் பாம்பும் குதிரையும் துன்பம் ஏற்றன என்னும் நினைவு வேண்டும். மேற்கூறிய ஐந்து சமிதிகளும் இம்மருந்தின் தேவையையே குறைப்பவை ஆதலால், அவ்வுயிர்களுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அவற்றைப் பயிலுதலே.

இம்மருந்துக்கான நஞ்சைத் திரட்டித் தருவோருள் முதன்மையானவர் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினர் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தார். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பைப் பிடித்துப் பிழைத்த மக்கள் அவர்கள். சட்டம் அத்தொழிலைத் தடுத்தபின், 1978இல் சங்கம் அமைத்து, பாம்பைப் பிடித்துச் சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்தபின் உயிரோடு காட்டில் விடும் தொழிலை மேற்கொண்டனர். 2023இல் அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கொல்லும் தொழிலையே வாழ்வாகக் கொண்டிருந்தோர், வாழ்வை இழக்காமலே கொலையை விட முடிந்தது. வாணிபமும் கல்வியும் வாய்த்த நமக்கு அது அரிதாகுமோ?

தொகுப்புரை

அச்சம் வந்தபின் அஹிம்சையைத் தேடினால் கிடைப்பது அரிது. விளக்கின்றி நடந்து, குப்பையைக் குவித்து, தானியத்தைச் சிந்தவிட்டு, பின்னர்ப் பாம்பு வந்தபோது மட்டும் “கொல்லலாமா, கூடாதா” என்று கேட்பது, வினாவைக் காலங்கடந்து கேட்பதாகும். கொலைக்கு வேண்டிய சூழலை நம் கவனமின்மை முன்னரே அமைத்துவிட்டது. நாள்தோறும் ஐந்து சமிதிகளைப் பயிலும் இல்லத்தில் அவ்வினாவே அருகி எழும். எழுந்தாலும் தடியின் துணையின்றி விடை காணலாம். சாதுர்மாசிய காலத்தில் உயிர்கள் பெருகும் என்று முனிவர் ஓரிடத்தில் தங்குகின்றனர். அம்மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாளை ஒதுக்கி, தம் வீட்டையும் தெருவையும் இவ்வைந்து நோக்கிலும் ஆராய்ந்து திருத்துதலை ஒரு நியமமாகக் கொள்ளலாம்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. விரோதீ ஹிம்சை எனக் கூறுதற்கு எவை எவை உடனிருத்தல் வேண்டும்?

2. கொடிய விலங்கைக் கொன்றால் பல உயிர் பிழைக்கும் என்னும் வாதத்தை அமிருதசந்திர ஆசாரியர் கொண்ட முடிபின் வழிநின்று மறுக்க.

3. பறவைக்குத் தானியம் இடுதலில் விழிப்பு எங்ஙனம் வேண்டும்?

4. நும் இல்லத்தில் விறகு, காலணி, பழம்பொருள் ஆகியவை வைக்கப்பட்டுள்ள முறை ஆதான நிக்ஷேபண சமிதிக்கு ஒத்ததா? ஆராய்க.

5. நும் தெருவில் பாம்பு வந்தால் அழைக்க வேண்டியவர் எவர்? அவர்தம் எண் வீட்டில் எழுதப்பட்டுள்ளதா?

எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க! ஜிநதர்மம் வளர்க!